ட்ரெய்லர் சுவரில் விரிசல், யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம். ஒன்டாரியோவில் இருக்கிறோம். போன வாரக் காற்றில் மரக்கிளை முறிந்து எங்கள் ட்ராவல் ட்ரெய்லரின் (வண்டியில் கட்டி இழுத்துப்போகும் வீடு) பின்மூலையில் விழுந்துவிட்டது. ஃபைபர்கிளாஸில் உள்ளங்கை நீளத்துக்கு விரிசல். சுற்றிலும் ஜெல்கோட் (ஃபைபர்கிளாஸின் மேலிருக்கும் பளபளப்புப் பூச்சு) சிலந்திவலை மாதிரி வெடித்திருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, பார்க்கத்தான் அசிங்கம். ஆனால் விரிசலுக்குக் கீழே விரலால் அழுத்தினால் சுவர் அமுங்குகிறது. உள்ளே ஒட்டியிருக்கும் ப்ளைவுட்டில் தண்ணீர் இறங்கிவிட்டதோ என்று பயம். இப்போதைக்கு டேப் ஒட்டி, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன்.

பட்டறையில் பக்கச் சுவரையே மாற்றச் சொல்கிறார்கள். நானே செய்வதென்றால் விரிசலை அடைக்க எந்தப் பிசின் நல்லது, எபாக்சியா, பாலியெஸ்டர் ரெசினா? எபாக்சி மேல் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது என்கிறார்களே? அப்புறம், ஈரமான ப்ளைவுட்டை வெட்டி எடுக்காமல் காயவைக்க முடியுமா? பனிக்காலத்துக்கு முன் முடித்தாக வேண்டும்; உள்ளே தண்ணீர் உறைந்தால் விரிசல் இன்னும் பிளக்கும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.