டர்பனுக்கு வரும் பெற்றோர் எந்த பிளக்கைக் கொண்டு வர வேண்டும்?

கேள்வி: டர்பன் மகள்

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் இருக்கும் என் பெற்றோர் தைப்பூசக் காவடியை ஒட்டி இங்கே தென்னாப்பிரிக்காவில் உள்ள டர்பனுக்கு வருகிறார்கள். சென்னையில் ஏறித் துபாயில் விமானம் மாறுவார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டில் தங்கிய பிறகு, காரில் குரூகர் தேசியப் பூங்காவுக்கும் அவர்களை அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். அப்பாவிடம் இருப்பது வேகமாகச் சார்ஜ் ஏறும் வகைக் கைப்பேசி. அம்மா காது கேட்கும் கருவி அணிபவர். அதை வைக்கும் பெட்டியையும் நாள்தோறும் சார்ஜ் செய்தாக வேண்டும். எல்லா நாடுகளுக்கும் பொருந்தும் என்று சொல்லி ஊரில் ஒரு கடைக்காரர் அப்பாவிடம் ஓர் அடாப்டரைக் காட்டியிருக்கிறார், விலையும் குறைவில்லை. அதை வாங்கலாமா? மின்னழுத்தத்தை மாற்றும் கருவி எதுவும் தேவைப்படுமா? மின்வெட்டு நேரத்துக்காகப் பவர் பேங்க் எடுத்து வரச் சொல்லலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஃபீனிக்ஸ் மின்பணியாளர்

தங்கைக்கு வணக்கம். அந்த அடாப்டரை வாங்க வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். உலக அடாப்டர் என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் சாக்கெட்டுகளுக்காக மட்டுமே செய்யப்பட்டவை. நம் வீட்டுச் சுவரில் இருக்கும் தடித்த மூன்று பின் சாக்கெட்டில் அவை நுழைவதில்லை. அவர்களுடைய உலகத்தில் தென்னாப்பிரிக்கா இல்லை போலும்.

மின்னழுத்தத்தைப் பற்றிக் கவலை தேவையில்லை. இந்தியாவிலும் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். அது மட்டுமன்றி, இன்றைய கைப்பேசிச் சார்ஜர்கள் ஏறக்குறைய அனைத்தும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும்படி செய்யப்பட்டவை. சார்ஜரின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

சிக்கல் முழுவதும் பின்னின் பருமனில்தான் இருக்கிறது. ஊரில் மின்விசிறி, தொலைக்காட்சி போன்றவற்றுக்கு 6 ஆம்பியர் சிறிய பிளக்கும், கீசர், ஏசி போன்றவற்றுக்கு 16 ஆம்பியர் பவர் பிளக்கும் பயன்படுத்துகிறார்கள் அல்லவா? அவை இரண்டும் பிஎஸ் 546 என்ற பழைய பிரிட்டிஷ் தரத்தின் வழி வந்தவை. பிரிட்டன் அதை விட்டுச் செவ்வகப் பின்னுக்கு மாறிவிட்டது, இந்தியா சிறியதையும் பெரியதையும் வைத்துக்கொண்டது, தென்னாப்பிரிக்காவோ பெரியதையே வீட்டின் பொதுச் சாக்கெட்டாக ஆக்கிக்கொண்டது. ஆகவே தஞ்சாவூரில் கீசருக்குப் போடும் பிளக் சாட்ஸ்வொர்த் சுவரில் அப்படியே பொருந்தும். சிறிய பிளக்கின் பின் சுமார் 5 மில்லிமீட்டர் பருமன், பெரியதன் பின் சுமார் 7 மில்லிமீட்டர். எர்த் பின் அதைவிடத் தடிமன்.

அப்பா வாங்க வேண்டியது, பின்புறம் 16 ஆம்பியர் பின்களும் முகப்பில் 6 ஆம்பியர் துளைகளும் உள்ள கன்வெர்ட்டர் பிளக். ஊரில் ஓரளவு பெரிய எலெக்ட்ரிக்கல் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். உலக அடாப்டரை விட விலை மிகவும் குறைவு. இரண்டு வாங்கினால் இருவரும் ஒரே நேரத்தில் சார்ஜ் செய்யலாம். ஆனால் சிறிய துளைக்கு 6 ஆம்பியர்தான் அளவு என்பதால், அதில் இஸ்திரிப்பெட்டியையோ மின்கெட்டிலையோ மாட்டக் கூடாது.

புதிய கட்டடங்களிலும் விடுதிகளிலும் அறுகோணப் பள்ளத்துக்குள் மூன்று சிறு துளைகள் கொண்ட சாக்கெட்டைக் காணலாம். அது சான்ஸ் 164-2 என்ற புதிய தரம். 4 மில்லிமீட்டர் மெல்லிய இரண்டு பின் கொண்ட ஐரோப்பிய வகைச் சார்ஜர் அதில் நேராகப் பொருந்தும். இந்தியச் சார்ஜரின் பின் தடித்ததாகவோ, அடிப்பாகம் பள்ளத்தை விட அகலமாகவோ இருந்தால் உள்ளே போகாது; வலிந்து அழுத்த வேண்டாம்.

பதில்: ஜோபர்க் பயணி

அக்கா, அண்ணன் சொன்னதோடு உடன்படுகிறேன். ஒன்றில் மட்டும் சற்று மாறுபடுகிறேன். அப்பாவின் சார்ஜர் மெல்லிய இரண்டு பின் வகையாக இருந்தால் ஊரிலிருந்து எதையும் வாங்கி வரத் தேவையில்லை. இரண்டு பின் துளைகள் கொண்ட மல்டிபிளக் இங்கே எல்லாச் சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கிறது, பெரும்பாலும் நம் வீட்டிலேயே ஒன்று கிடக்கும். இந்தியச் சிறு மூன்று பின் பிளக்குத்தான் இங்கே வழி கிடைப்பது அரிது. ஆகவே முதலில் சார்ஜரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சார்ஜரை ஊரிலேயே விட்டுவிட்டு உங்கள் வீட்டுச் சார்ஜரைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். வேகமாகச் சார்ஜ் ஏறும் கைப்பேசிகள் பல, தம் நிறுவனத்தின் சார்ஜரும் கேபிளும் சேர்ந்தால்தான் அந்த வேகத்தைக் காட்டும். மற்றவற்றில் சார்ஜ் ஏறும், ஆனால் நேரம் பிடிக்கும்.

பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடவே கூடாது. பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருப்பதை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் 74 வாட்-மணி வரும், எனவே அந்த அளவு வரை அச்சமில்லை. அளவு அழிந்துபோன பழைய பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிட வாய்ப்புண்டு. எமிரேட்ஸில் வருவதானால், 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒரு பவர் பேங்க் மட்டுமே அனுமதி. விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் கூடாது, அதற்குச் சார்ஜ் ஏற்றவும் கூடாது, தலைக்கு மேலுள்ள பெட்டியிலும் வைக்கக் கூடாது. ஆகவே இருவரும் முழுச் சார்ஜுடன் ஏறி, இருக்கையில் உள்ள யூஎஸ்பி துளையைப் பயன்படுத்திக்கொள்ளட்டும். துபாய் விமான நிலையத்தில் பிரிட்டிஷ் செவ்வகப் பின் சாக்கெட்டுகள் என்பதால் அங்கே அண்ணன் சொன்ன கன்வெர்ட்டர் உதவாது; யூஎஸ்பி கேபிள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் போதும்.

மின்வெட்டைப் பொறுத்தவரை, 2023-இல் இருந்த நிலைமை இப்போது இல்லை. 2024 மார்ச் இறுதியில் நின்ற லோட் ஷெடிங் (பகுதி பகுதியாக முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு), 2025-இன் முற்பாதியில் சில முறை தலைகாட்டியது. என்றாலும் உள்ளூர்க் கோளாறுகளால் மின்சாரம் போவது உண்டு. அப்போது கைப்பேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால், கைப்பேசி தொலைவிலுள்ள கோபுரத்தைத் தேடித் தேடித் தன் சார்ஜையும் தீர்த்துக்கொள்ளும். அந்நேரத்தில் ஃபிளைட் மோடில் போட்டு வைப்பது நல்லது. குரூகரில் சிக்னல் இல்லாத பாதைகளிலும் இதையே செய்யுங்கள்.

டர்பன் மகள்

இருவருக்கும் மிக்க நன்றி. அப்பா படம் அனுப்பியிருக்கிறார்; கைப்பேசிச் சார்ஜர் மெல்லிய இரண்டு பின், அம்மாவின் கருவிக்கான சார்ஜர் சிறிய மூன்று பின். அந்தப் பெட்டியை யூஎஸ்பி கேபிள் வழியாகப் பவர் பேங்கில் இணைத்தால் சிறிது நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது என்றும் சொல்கிறார். பவர் பேங்க் பழுதா?

பதில்: ஃபீனிக்ஸ் மின்பணியாளர்

பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு, தங்கை. காதுக் கருவியின் பெட்டி மிகக் குறைந்த மின்னோட்டத்தையே இழுக்கும். எதுவும் இணைக்கப்படவில்லை என்று எண்ணிப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடுகின்றன. சிலவற்றில் பொத்தானை இரண்டு முறை அழுத்தினாலோ, சற்று நேரம் அழுத்திப் பிடித்தாலோ குறைந்த மின்னோட்டத்துக்கான நிலை வரும். முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால் கையேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வசதி இல்லையென்றால் அதே பவர் பேங்கின் இன்னொரு துளையில் கைப்பேசியையும் சேர்த்து இணைத்தால் பெரும்பாலும் அணையாமல் ஓடும்.

அம்மாவின் சார்ஜருக்காக ஒரே ஒரு கன்வெர்ட்டர் பிளக் மட்டும் வாங்கி வரட்டும். குரூகருக்குப் போகும்போது காரின் 12 வோல்ட் துளையில் மாட்டும் இரட்டை யூஎஸ்பி சார்ஜர் ஒன்றை நீங்கள் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலில் காரை நிறுத்திவிட்டு இறங்கும்போது கைப்பேசியையும் பவர் பேங்கையும் உள்ளே விட்டுச் செல்ல வேண்டாம்.