கடைசி லைன் முன்னுக்கு வந்த கதை

துவாஸ் தம்பி:
சிங்கப்பூரில், துவாஸ் பக்கம் நிக்கல் முலாம் பூசும் ஆலையில் வேலை. எங்கள் உற்பத்தி லைன்களில் எது திறமையானது என்று ஒப்பிடச் சொன்னார்கள். மின்சாரம், தண்ணீர், ஆள் நேரம் எவ்வளவு போகிறது, எத்தனை பொருள் வருகிறது, அவ்வளவுதான் கணக்கு. அதில் மூன்றாவது லைன் கடைசி.

காரணம் அங்கே நிற்கும் அண்ணன். பொருள்களை மாட்டிய ரேக்கைத் தூக்கியதும் கழுவும் தொட்டிக்குத் தள்ளமாட்டார். சொட்டு அடங்கும்வரை நிக்கல் தொட்டிக்கு மேலேயே தொங்கவிடுவார். "அதோட இடத்திலயே விழட்டும் தம்பி" என்பார். சூப்பர்வைசருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்தச் சொட்டு கழுவும் தண்ணீரோடு போனால், அதைச் சுத்திகரிக்கும்போது கசடாகும். நச்சுக் கழிவு என்பதால் உரிமம் உள்ளவர்தான் வந்து அள்ளவேண்டும், அதற்குத் தனிக் காசு. இதெல்லாம் கணக்கிலேயே இல்லை!

1997ல் சுங், ஃபேர, குரோஸ்காஃப் என்ற பொருளியல் ஆய்வாளர்கள் மூவரும் சுவீடன் காகித ஆலைகளுக்குப் போட்ட கணக்கு கைகொடுத்தது. பொருளைக் கூட்டிக்கொண்டே கழிவைக் குறைக்க ஒவ்வொருவருக்கும் இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று, கழிவுக்கு விலை வைக்காமலே, அது பார்க்கும். கழிவு சும்மா குறையாது, கொஞ்சம் உற்பத்தியை விட்டுக்கொடுக்கவேண்டும் என்பதையும் ஏற்றுக்கொள்ளும். அப்படிப் போட்டதில் மூன்றாவது லைன் முன்வரிசைக்கு வந்தது. வேகமான லைன் பின்னுக்குப் போனது.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆள்:
நாலைந்து லைனை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டால், ஒப்பிட ஆள் போதாமல் எல்லாருமே நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவார்களே? அப்புறம், கசடு எல்லா லைனிலிருந்தும் ஒரே இடத்துக்குத்தானே வரும், எப்படிப் பிரித்தீர்கள்? எங்கள் ஆலையில் கசடு அள்ளுபவர் தரும் ரசீது எடையை நம்பினார்கள். கசடிலிருந்து தண்ணீரைப் பிழியும் ஃபில்டர் பிரஸ் சரியாகப் பிழியாத மாதமெல்லாம் 'மோசமான மாதம்' ஆகிவிட்டது. எடையில் பாதிக்குமேல் தண்ணீர்!

துவாஸ் தம்பி:
ஒப்பிட எண்ணிக்கை கூடட்டும் என்று ஒவ்வொரு லைனின் ஒவ்வொரு மாதத்தையும் தனி ஆலைபோல வைத்தேன். கசடு எடையைத் தொடவில்லை. லைன்வாரியாகக் கழுவிய தண்ணீரில் நிக்கல் எவ்வளவு என்று எடுத்தோம்.

ஜூரோங் தீவுக்காரன்:
எங்கள் இடத்தில் கரிம வரியோடு கதை முடிந்துவிடுகிறது. வெளியேற்றத்தில் டன்னுக்கு 2024ல் 25 சிங்கப்பூர் வெள்ளி, 2026ல் 45 வெள்ளி. அதைச் செலவாகக் கழித்துவிட்டால் எல்லாம் சரி என்கிறார் மேலாளர். ஆனால் காற்றைக் கெடுக்கும் NOx வகை நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு அந்த வரி கிடையாதே. விலை இல்லாததால் அது எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. உங்கள் முறைக்கு விலை வேண்டாம் என்றால், முதலில் அதைத்தான் போட்டுப் பார்க்கப்போகிறேன்.