சேற்றுப் பள்ளம் படத்தில் வருமா?

எங்கள் வீட்டில் இருக்கும் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவல் கடையில் வாங்கியது அல்ல. கல்கி இதழில் அது மறுபடியும் தொடராக வந்தபோது, அம்மா வாரந்தோறும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்தது. பதினொரு வயதில் அதை எடுத்தேன். இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில் படகோட்டிப் பெண் பூங்குழலி படகில் பாடுகிறாள். இரண்டாவது அத்தியாயத்தைக் காணவில்லை. அந்த வாரம் தம்பி பிறந்திருக்கிறான்; இதழ் வாங்க வீட்டில் ஆளில்லை.

"சேத்துல விழுந்துடுவான், அவதான் இழுத்துப் போடுவா" என்று மாவாட்டிக்கொண்டே அம்மா கதையைச் சொன்னாள். கோடிக்கரைச் சதுப்பு, இருட்டு, மார்பளவு இறங்கிவிட்ட கதாநாயகன் வந்தியத்தேவன், படகிலிருந்து கயிறு கொண்டுவந்து எறியும் பூங்குழலி. கல்லூரி நூலகத்தில்தான் அந்த அத்தியாயத்தை முதன்முதலாகப் படித்தேன். 'சேற்றுப் பள்ளம்' என்று தலைப்பு. அம்மா சொன்ன கயிறு அதில் இல்லை. ஆனாலும் இன்றுவரை என் மனத்தில் கயிறுதான் வந்து விழுகிறது.

இதை 2022 செப்டம்பரில் எழுதுகிறேன்; வரும் 30ஆம் தேதி, மணிரத்னம் இயக்கிய 'பொன்னியின் செல்வன்' படம் வெளியாகிறது. ஐந்து பாகத்தை இரண்டு படமாக்கும்போது எதையாவது வெட்டித்தான் ஆகவேண்டும், தெரியும். முன்னோட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்தச் சேறு கண்ணில் படவில்லை. உங்கள் காத்திருப்பு எந்தக் காட்சிக்காக? (கீழே மூன்று வாசகர்களின் பதில்கள்.)

* * *

எனக்கு முதல் காட்சி போதும். காட்டுமன்னார்கோவிலுக்குப் பக்கத்து ஊர் நான். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, அந்த வீரநாராயண ஏரிதான் எங்கள் வீராணம். சோழர் வெட்டிய அந்த ஏரியில்தான் நான் நீச்சல் பழகினேன்.

போன மாதம் ஏரிக்கரையில் இரண்டு இளைஞர்கள் பைக்கை நிறுத்தி, "அண்ணா, வந்தியத்தேவன் எந்தப் பக்கமிருந்து வந்தான்?" என்று கேட்டார்கள். நிஜமாக நடந்ததை விசாரிப்பதுபோல் இருந்தது அந்தக் கேள்வி. நானும் யோசிக்காமல் கையைக் காட்டினேன். எழுபத்து நான்கு மதகு என்று கதையில் வருவதைச் சொன்னதும், ஒருவர் எண்ணிப் பார்க்கவே கிளம்பிவிட்டார்.

படப்பிடிப்பு தாய்லாந்திலும் மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சாவிலும் நடந்ததாகப் படித்தேன். திரையில் வேறு ஊர்த் தண்ணீர் ஓடினாலும் பரவாயில்லை. அந்தப் பதினெட்டாம் பெருக்குக் கூட்டம், புதுத் தண்ணீரைக் கண்ட அந்தச் சந்தோஷம் வந்துவிட வேண்டும். அது வராவிட்டால் எனக்குத் தாங்காது.

* * *

1999இல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் மேஜிக் லாண்டர்ன் குழு இதை நாடகமாகப் போட்டது. போனேன். புத்தகத்தில் எனக்கென்று ஒரு நந்தினி இருந்தாள். மேடையில் வேறொரு பெண் வந்து நின்றதும் முதல் பத்து நிமிடம் மனம் ஒட்டவில்லை. இடைவேளைக்குள் பழைய முகம் மறைந்துபோய்விட்டது. எவ்வளவு முயன்றும் இன்றுவரை திரும்ப வரவில்லை. அது எனக்கு ஓர் இழப்புதான். அதனால் இந்தப் படத்துக்கும் கொஞ்சம் பயத்தோடுதான் போகிறேன்.

ஆனால் அந்த நாடகத்தை எழுதிய குமரவேல், இயக்குநர் மணிரத்னம், எழுத்தாளர் ஜெயமோகன் இருவரோடும் இந்தத் திரைக்கதையில் இருக்கிறார். எதைக் குறைத்தால் கதை நிற்கும் என்று மேடையில் ஒருமுறை செய்து பார்த்தவர். என் நம்பிக்கை அங்கேதான். சேற்றுப் பள்ளத்தைப் பற்றி மட்டும் உறுதி சொல்ல மாட்டேன்.

* * *

1958இல் எம்.ஜி.ஆர். இதைப் படமாக எடுக்கப்போவதாக அறிவித்தபோது அப்பாவுக்கு இருபது வயது. அப்புறம் எம்.ஜி.ஆருக்கு விபத்து, படம் நின்றுபோனது. "வந்தியத்தேவனாக அவர் வாள் வீசியிருந்தால்!" என்று அப்பா எத்தனையோ முறை சொல்லிவிட்டார். இப்போது அவருக்கு எண்பத்து நான்கு. படி ஏற முடியாது. அதனால் நான்கு திரையரங்குகளுக்கு நேரில் போய்ப் பார்த்து, படியே ஏறாமல் உட்காரக்கூடிய ஓர் இடத்தில் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன்.