உவர்த்திடலில் நட்ட அலையாத்திக் கன்றுகள் சித்திரைக்குள் கருகுகின்றன: மீன்முள் வாய்க்கால் வெட்டலாமா?

கழிக்கரை

வணக்கம். முத்துப்பேட்டைப் பக்கம் எங்கள் ஊர்க் குழுவின் பொறுப்பில் சுமார் 4 ஹெக்டேர் வெற்றுத்திடல் இருக்கிறது. உப்பங்கழியோரத்தில் ஒரு வரிசை வெண்கண்டல் அலையாத்தி செழிப்பாக நிற்கிறது. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. கார்த்திகையில் தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கும். பங்குனி பிறந்தால் தரை வெடித்து உப்புப் பூக்கும். முன்பு நட்ட, இன்னோர் அலையாத்தி இனமான சுரபுன்னைக் கன்றுகள் தை வரை பச்சையாக இருந்து, சித்திரைக்குள் கருகிவிட்டன. இப்போது ஒரு நிறுவனம் கன்றுகளுக்குப் பணம் தர முன்வந்திருக்கிறது. மீன்முள் வாய்க்கால் (நடுவே ஒரு பிரதான வாய்க்கால், அதிலிருந்து மீன்முள்போல் சாய்வாகப் பிரியும் கிளைகள்) வெட்டினால் பிழைக்கும் என்கிறார்கள். அளவு, கோணம், இனம், இடைவெளி பற்றி விவரம் வேண்டும்.

ஓதக்கோல்

கன்றை மறந்துவிட்டு முதலில் தரைமட்டத்தைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாம் தொட்டிபோல் குழிந்த நிலத்துக்கு உரியவை. பிச்சாவரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கண்டதும் இதுதான். ஆடுமாடும் விறகு வெட்டுபவர்களும்தான் காட்டை அழித்தார்கள் என்று அதுவரை நம்பப்பட்டது. உண்மையில், பிரிட்டிஷார் காலத்தில் தொடங்கி 1970கள் வரை கூப்பு கூப்பாக (காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து) மொட்டையடித்து வெட்டியதில் சேறு வெயிலில் காய்ந்து அமிழ்ந்திருந்தது. ஓத ஏற்றத்தில் (கடல்நீர் ஏறும்போது) உள்ளே வந்த நீர் வற்றத்தில் (இறங்கும்போது) திரும்ப வழியில்லாமல் அங்கேயே ஆவியாகி, உப்பு ஏறிக்கொண்டே போனது.

உங்கள் திடலில் மூன்றை அளக்க வேண்டும்.

தரைமட்டம்: கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும். கழியோர வெண்கண்டல் வேரடியைச் சுழியமாக வைத்து, உள்ளே 20 மீட்டருக்கு ஒரு புள்ளி எடுங்கள். அங்கே மரம் தானாக வளர்ந்திருப்பதால் நமக்கு வேண்டிய மட்டத்தை அதுவே காட்டும். நம் பகுதியில் ஓத வீச்சு ஒரு மீட்டருக்கும் குறைவு, 10 செ.மீ. பிசகினாலே அங்கே வளரக்கூடிய இனம் வேறாகிவிடும்.

ஓதம்: செ.மீ. குறித்த கோல் ஒன்றைக் கழியிலும் ஒன்றைத் திடலின் நடுவிலும் நடுங்கள். அமாவாசையை ஒட்டி ஒரு நாள், அட்டமியை ஒட்டி ஒரு நாள், அரை மணிக்கு ஒருமுறை குறியுங்கள். கழியில் நீர் இறங்கியும் நடுக்கோலில் இறங்கவில்லை என்றால் அது தொட்டிதான்.

உப்பு: 30 செ.மீ. குழி தோண்டி, ஊறும் நீரை ஒருமுறை இறைத்துவிட்டு மறுபடி ஊறுவதை ரிஃப்ராக்டோமீட்டரில் (நீரின் உப்பளவைக் காட்டும் கைக்கருவி) பாருங்கள். மேலே தேங்கிய நீரை அளந்தால் மழைநீரின் கணக்குதான் கிடைக்கும். கடல்நீரில் உப்பு ஆயிரம் பங்குக்கு 35. சுரபுன்னைக் கன்று அதைத் தாண்டியதுமே திணறத் தொடங்கும். 90ஐத் தாண்டினால் வளர்ந்த வெண்கண்டலே தாங்காது. கருவி 100 வரைதான் காட்டும். அளவு அந்த உச்சியை முட்டினால் சம அளவு நல்ல நீர் கலந்து இரண்டால் பெருக்குங்கள்.

மண்வெட்டி

தொட்டி என்று உறுதியானால் வாய்க்கால் வேலை செய்யும். பிரதான வாய்க்கால் கழியோடு 45 பாகையில் சேரட்டும், கிளைகள் பிரதானத்தோடு 30 பாகையில். செங்குத்தாகச் சேர்த்தால் சந்திப்பில் வேகம் குறைந்து வண்டல் படியும். சரிந்த கரை வைத்து, பிரதானம் மேலே 2–3 மீ., அடியில் 1 மீ.; கிளை மேலே 1.5 மீ., அடியில் அரை மீ., ஆழம் 60 செ.மீ. என்று தொடங்கலாம். ஆழத்தைக் கடைசியில் தீர்மானிப்பது கழியின் வற்ற மட்டம். வாய்க்காலின் அடி அதற்கும் கீழே போனால் நீர் வடியாது, சேறுதான் நிரம்பும்.

பெரும்பாலும் வேலை கெட்டுப்போவது வெட்டிய மண்ணால். கணக்குப் போடுங்கள்: 12 மீட்டருக்கு ஒரு கிளை என்றால் 4 ஹெக்டேரில் ஏறத்தாழ 3,300 மீட்டர் நீளம். குறுக்குவெட்டு 0.6 சதுர மீட்டர், ஆக 2,000 கன மீட்டர் மண். அதைக் கரையோரம் குவித்தால் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வரப்பு எழும்பி, இடைப்பட்ட தரைக்கு ஓதம் ஏறாது. வரப்பின் மேல் சீமைக் கருவேலம் வந்து உட்காரும். அதே மண்ணைச் சமமாகப் பரப்பினால் தரை 5 செ.மீ.க்குச் சற்று மேல் உயரும். அமிழ்ந்த நிலத்துக்கு அது பெரிய வரம்.

வெண்கண்டலை வாய்க்காலின் சரிவில், நடுவிலிருந்து முக்கால் உயரத்துக்குள் ஒரு மீட்டர் இடைவெளியில் நடுங்கள். சுரபுன்னை கழி வாய்ப்பக்கம், தினமும் நீர் வந்துபோகும் சேற்றில் மட்டும். வாய்க்கால் வாயைத் தூர் வார மூன்று ஆண்டுக்காவது பணம் ஒதுக்குங்கள். நன்கொடையாளர் கன்றை எண்ணிப் பணம் தருவதாக இருந்தால், அதை மண்வேலைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கட்டாயம் பேசுங்கள்.

தில்லைமரம்

வாய்க்கால் சரி. ஆனால் உடனே நடவேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பக்கத்திலேயே காய்க்கும் வெண்கண்டல் இருக்கிறது. நீர் உள்ளே வந்தால் விதையும் வரும். ஒரு விதைப்பருவம் விட்டுப் பார்த்து, வராத திட்டுகளில் மட்டும் நடுங்கள். தானாக முளைத்தது எங்கே நிற்கிறதோ அதுவே சரியான மட்டம்.

சுனாமிக்குப் பின் இலங்கையில் 1,000 ஹெக்டேருக்கு மேல் நட்டார்கள். 2017இல் வெளியான ஆய்வின்படி, தேறியது 200 ஹெக்டேரைச் சற்றுத் தாண்டும். பார்த்த 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றும் இல்லை. சுரபுன்னை விதை நீளமாக, கையாள எளிதாக இருப்பதால் எங்கும் அதையே குத்தியதும் ஒரு காரணம்.

உங்கள் திடல் பழைய இறால் பண்ணையாக இருந்தால் வெட்டுவதற்கு முன் கந்தக அமில மண்ணா என்று பாருங்கள். அந்த மண் காற்றுப் பட்டால் அமிலமாகி வேரை எரித்துவிடும்.

மண்வெட்டி

தில்லைமரம் சொல்வது திடலின் நடுப்பகுதிக்குப் பொருந்தும். புதிதாக வெட்டிய சரிவுக்குப் பொருந்தாது. வேர் பிடிக்காவிட்டால் முதல் மழையிலேயே கரை கரைந்து வாய்க்காலில் விழும். சரிவில் நடலாம், தரையை விட்டுவைக்கலாம்.

கழிக்கரை

நன்றி. இது இறால் பண்ணையாக இருந்ததில்லை. அடுத்த மாதம், கார்த்திகை அமாவாசைக்கே ஓதத்தை அளந்துவிடலாமா? அனுமதி யாரிடம்?

ஓதக்கோல்

கார்த்திகை அளவை மட்டும் நம்பி வெட்டாதீர்கள். வங்கக்கடலின் மேற்குக் கரையில் சராசரிக் கடல்மட்டம் நவம்பரை ஒட்டி உச்சத்திலும், மார்ச் வாக்கில் தாழ்ந்தும் இருக்கும். நவம்பரில் நீர் ஏறும் தரைக்கு மார்ச்சில் அமாவாசை ஓதம்கூட எட்டாமல் போகலாம். உங்கள் கன்று தை வரை இருந்து சித்திரையில் கருகியதற்கு இதுவும் காரணமாக இருக்கக்கூடும். கார்த்திகையில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை அளந்து, பங்குனி மட்டத்தை வைத்து வாய்க்கால் அடியைத் தீர்மானியுங்கள். முகத்துவாரம் கோடையில் மணல் மூடுகிறதா என்றும் கவனியுங்கள். மூடினால் கழிக்கே ஓதம் இருக்காது, வாய்க்காலால் பயனில்லை.

அந்தப் பக்கம் பெரும்பகுதி காப்புக்காடு. மாவட்ட வன அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு மண்வெட்டிகூடப் போடாதீர்கள். விண்ணப்பத்தோடு மட்ட வரைபடத்தை இணைத்தால் பேச்சு எளிதாகும். பங்குனி அளவுகள் கிடைத்ததும் இங்கே பதியுங்கள். கிளைகள் எங்கே பிரிய வேண்டும் என்பதை அதை வைத்துப் பார்க்கலாம்.