மாண்டரின் முதல் நிலை: வீட்டில் பேசுகிறவர்களும் புதிதாகக் கேட்கிறவர்களும் ஒரே வகுப்பிலா?

ஈப்போ வாத்தியார்:
எல்லாருக்கும் வணக்கம். நம்ம மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பகுதிநேரமாக மாண்டரின், அதாவது பொதுச் சீன மொழி, விருப்பப் பாடம் எடுக்கிறேன். சீனப்பள்ளியில் ஆறு வருஷம், அப்புறம் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசாங்கத் தேர்வு) வரைக்கும் சீனம் படித்த தமிழன் நான். அடுத்த மாதம் பாடத்திட்டக் கூட்டம். முதல் நிலையை இரண்டு வகுப்பாகப் பிரிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதற்கு முன்னால் உங்கள் கருத்து வேண்டும்.

வகுப்பில் 30 பேர். பத்துப் பேர் வீட்டில் மாண்டரினோ, கண்டனீஸ் என்ற இன்னொரு சீன மொழியோ பேசி வளர்ந்த சீனப் பிள்ளைகள். மலாய் வழியில் நடக்கும் தேசியப்பள்ளியில் படித்ததால் சீன எழுத்து தெரியாது. மற்றவர்கள் மலாய், தமிழ்ப் பிள்ளைகள். அவர்களுக்கு எல்லாமே புதிது.

இந்த இரண்டு கூட்டமும் செய்யும் பிழை வேறு வேறு. 'ஸாய்' என்று ஒரு சொல். 'இருக்கிறது' என்றாலும் 'ஸாய்', 'மறுபடியும்' என்றாலும் 'ஸாய்'. தொனிகூட, அதாவது குரலின் ஏற்ற இறக்கம்கூட, ஒன்றுதான், எழுத்து மட்டும் வேறு. வீட்டில் மாண்டரின் பேசும் பிள்ளை காதை நம்பி எழுதும், இரண்டையும் மாற்றிப் போடும். நம் பிள்ளைகள் கரைக்கும் கறைக்கும் தடுமாறுகிற மாதிரிதான். மலாய்ப் பிள்ளை அங்கே தடுமாறாது. இரண்டையும் தனித்தனி எழுத்தாகவே படித்திருக்கும்.

அதற்குச் சிரமம் வேறு இடத்தில். 'பா' என்றால் அப்பா. அதையே மூச்சை வெளியே தள்ளிச் சொன்னால் பயம். தமிழிலும் மலாயிலும் அந்த மூச்சு கிடையாது. அதனால் ஆளுக்கொரு காகிதத் துண்டு கொடுத்து உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொல்வேன். அப்பாவுக்குக் காகிதம் அசையக் கூடாது, பயத்துக்குத் துடிக்க வேண்டும். இதற்கே அரை மணி நேரம் போய்விடும். அந்த அரை மணியும் பத்துப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அப்புறம் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் இருபது பேர் சும்மா இருக்கிறார்கள். என் மனசு ஆறவில்லை.

கிள்ளான் மீனாட்சி:
சார், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நான் எதிர்க்கிறேன். இந்த நாட்டில் ஏழு வயதிலேயே தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப்பள்ளி என்று பிள்ளைகள் மூன்று பக்கம் போய்விடுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகாவது ஒரு மொழி வகுப்பில் எல்லாரும் கலந்து உட்காருகிறார்களே, அதையும் பிரிக்கலாமா? என் மகனுக்கு நெருங்கிய சீன நண்பன் கிடைத்ததே இப்படியொரு வகுப்பில்தான். சீன எழுத்தைப் படிக்கத் தெரியாது என்று அந்தப் பையன் வெட்கப்பட்டான். இவனுக்குத் தொனி வரவில்லை. இரண்டு பேரும் கோப்பிக்கடையில் உட்கார்ந்து ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுத்தே தேறினார்கள்.

சுங்கைப்பட்டாணி கவி:
அக்கா, உங்கள் மகனுக்கு நல்ல நண்பன் கிடைத்தான். எனக்குக் கிடைக்கவில்லை. நான் படித்த பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். முதல் வாரத்திலேயே விரிவுரையாளர் சீனத்தில் கேள்வி கேட்பார், பாதி வகுப்பு டக்கென்று பதில் சொல்லும். "எல்லாருக்கும் புரிந்தது" என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். மூன்றாவது வாரத்தில் கை தூக்கி ஒரு சந்தேகம் கேட்டேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதற்கப்புறம் நான் கை தூக்கவே இல்லை. கடைசியில் 'சி' வாங்கினேன். ஏற்கெனவே பேசத் தெரிந்தவர்கள் 'ஏ' வாங்கினார்கள். பிறகு சீனம் பக்கமே போகவில்லை. இப்போது வேலையிடத்தில் தினமும் அதற்காக வருந்துகிறேன்.

கிள்ளான் மீனாட்சி:
தங்கச்சி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அது அந்த விரிவுரையாளரின் குறை. பாதிப் பேர் பதில் சொன்னதை வைத்து முழு வகுப்புக்கும் புரிந்ததாக நினைப்பவர் எந்த வகுப்பிலும் அதைத்தான் செய்வார்.

பினாங்கு தேவன்:
ஒரு கணக்குப் பாருங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுக் கொடுக்கிறது. தமிழுக்கு 44 வாரம், 1,100 வகுப்பு மணி. மாண்டரினுக்கு 88 வாரம், 2,200 மணி. ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கான கணக்குதான், ஆனாலும் பாரம் எவ்வளவு என்று தெரிகிறது அல்லவா? வாரம் மூன்று மணி வீதம் 14 வாரம் என்றால் ஒரு செமஸ்டருக்கு 42 மணி. அந்தக் கணக்கில் 2,200 மணிக்கு ஐம்பது செமஸ்டருக்கு மேல் வேண்டும்! இதில் அரை மணியைக்கூட வீணாக்க முடியாது. புதிதாகப் படிக்கிறவனுக்கும் சரி, எழுத்துக்காக வந்த சீனப் பிள்ளைக்கும் சரி.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடக்க நிலையையே மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். புதியவர்களுக்கு ஒன்று, வீட்டில் மாண்டரின் பேசுகிறவர்களுக்கு ஒன்று, கண்டனீஸ் மாதிரி வேறு சீன மொழி பேசுகிறவர்களுக்கு ஒன்று. கண்டனீஸ் வீட்டுப் பிள்ளைக்கு எழுத்தும் வேண்டும், மாண்டரின் உச்சரிப்பும் வேண்டும். அவனை மாண்டரின் வீட்டுப் பிள்ளையோடு சேர்த்தாலும் தப்பு, ஒன்றுமே தெரியாதவனோடு சேர்த்தாலும் தப்பு. நம் ஈப்போவும் கோலாலம்பூரும் கண்டனீஸ் ஊர்கள், பினாங்கு ஹொக்கியன் என்ற வேறொரு சீன மொழி பேசும் ஊர். அந்த மூன்றாவது வழி அவர்களைவிட நமக்குத்தான் அதிகம் தேவை.

கிள்ளான் மீனாட்சி:
மூன்று வகுப்புக்குச் சம்பளம் யார் கொடுப்பது தம்பி? பகுதிநேர ஆசிரியர் ஒருவரை வைத்தே ஓட்டுகிறார்கள். ஏழு பேர் பதிந்த வகுப்பை மூடிவிடுவார்கள். அப்போது அந்த ஏழு பேருக்கு எழுத்தும் கிடைக்காது, பேச்சும் கிடைக்காது.

இன்னொன்றும் கேட்கிறேன். யார் எந்த வகுப்பு என்பதை எதை வைத்து முடிவு செய்வீர்கள்? பாரத்தில் இருக்கும் 'இனம்' கட்டத்தைப் பார்த்தா? இன்று சீனப்பள்ளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பிள்ளை சீனர் அல்லாதவர். வாத்தியாரையே எடுத்துக்கொள்ளுங்கள்!

ஈப்போ வாத்தியார்:
டீச்சர், சம்பளக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இரண்டு வகுப்புக்குத்தான் கேட்கப் போகிறேன், மூன்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

இனக் கட்டத்தைத் தொடவே மாட்டேன். முதல் வாரம் ஆளுக்குப் பத்து நிமிடம். நான் பேசுவதைக் கேட்டுப் புரிகிறதா, பதில் சொல்ல வருகிறதா, ஒரு சாப்பாட்டுக்கடைப் பலகையை வாசிக்க முடிகிறதா, தன் பெயரோடு இரண்டு வரி எழுத முடிகிறதா. நாலுக்கும் தனித்தனி மதிப்பெண். காதும் வாயும் இருந்து கண்ணும் கையும் இல்லாதவர் எழுத்து வகுப்புக்கு. நாலுமே இல்லாதவர் தொடக்க வகுப்புக்கு. சரளமாக எழுதுகிறவர் இந்தப் பாடத்துக்கே வர வேண்டியதில்லை, மேல் நிலைக்குப் போகட்டும்.

எல்லாரும் கலந்து உட்கார வேண்டும் என்று நீங்கள் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. 'நான் உன்னைவிட உயரம்' என்பதை மாண்டரினில் 'நான், விட, நீ, உயரம்' என்ற வரிசையில் சொல்ல வேண்டும். உயரம் கடைசியில் வருகிறது, நம் தமிழ் மாதிரியே. கண்டனீஸில் 'நான், உயரம், விட, நீ' என்று வரும். 'நீ முதல்ல போ' என்பதும் அப்படித்தான். மாண்டரின் நம் வரிசை, கண்டனீஸில் 'முதல்ல' கடைசிக்குப் போய்விடும். போன செமஸ்டர் கண்டனீஸ் வீட்டுப் பையன் ஒருவன் இதைத் திரும்பத் திரும்பத் தப்பாகச் சொன்னான். பக்கத்தில் இருந்த தமிழ்ப் பொண்ணு, "எங்க பாஷையில சொல்ற மாதிரி சொல்லு" என்று திருத்தினாள். ஒரே அறையில் இல்லாமல் இருந்தால் அது நடந்திருக்காது. அதனால் கோரிக்கையை மாற்றுகிறேன்: வாரம் இரண்டு மணி நேரம் தனித்தனி, மூன்றாவது மணி நேரம் எல்லாரும் சேர்ந்து பேச்சுப் பயிற்சி.

சுங்கைப்பட்டாணி கவி:
அந்த மூன்றாவது மணி நேரத்துக்கு மதிப்பெண் போடாதீங்க சார். போட்டால் மறுபடியும் பேசத் தெரிந்தவன்தான் பேசுவான்.

ஈப்போ வாத்தியார்:
சரிம்மா. வந்தால் வருகைப் பதிவு மட்டும்.

கிள்ளான் மீனாட்சி:
இரண்டு மணி பிரிப்பதும் எனக்கு அதிகம்தான். முதல் செமஸ்டரோடு நிறுத்தி, இரண்டாவதில் முழுக்கச் சேர்ப்பீர்களா?

ஈப்போ வாத்தியார்:
ஒரு செமஸ்டர் பத்தாது டீச்சர். 42 மணியில் இருநூறு எழுத்தைக் கையில் நிறுத்துவதே பாடு. இரண்டு செமஸ்டர் கொடுங்கள், மூன்றாவதில் சேர்க்கிறேன்.

கிள்ளான் மீனாட்சி:
நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடச் சோதனையை மட்டும் கட்டாயம் கோரிக்கையில் போடுங்கள், இனக் கட்டத்தைப் பார்க்கக் கூடாது என்பதையும் எழுத்திலேயே போடுங்கள். உங்களுக்குப் பிறகு வருகிற ஆசிரியருக்கும் அது இருக்கட்டும்.

தைப்பிங் நளினி:
நானும் சீனப்பள்ளியில் படித்த தமிழ்ப் பொண்ணுதான். படிவம் மூன்றோடு சீனம் விட்டுப்போச்சு. வாசிப்பேன். எழுதக் கை வராது. பேசினால் உச்சரிப்பு நல்லா இருக்குன்னு சொல்றாங்க, ஆனா சொல் வரமாட்டேங்குது. காதும் கண்ணும் இருக்கு, வாயும் கையும் இல்லை. நான் எந்த வகுப்புக்கு வரணும் சார்?

ஈப்போ வாத்தியார்:
தங்கச்சி, எழுத்து வகுப்புக்கு வா. கண்ணில் நிற்கிற எழுத்து ஒரு மாதத்தில் கைக்குத் திரும்பிவிடும், எனக்கே அப்படித்தான் திரும்பியது. வாய்க்கு அந்த மூன்றாவது மணி நேரம் இருக்கிறது. உன்னை மாதிரி ஆளுக்கு என் நாலு கட்டத்தில் சரியான இடம் இல்லை என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். இன்று ராத்திரியே திருத்துகிறேன்.