பிரிட்டனில் பகுதி நேர வேலை: 6 மணி நேர ஷிப்டுக்கு இடைவேளை கிடையாதா?

கேள்வி: கடையில் வாரம் 3 நாள், காலை 10 முதல் மாலை 4 வரை வேலை. பகுதி நேரம் என்பதால் இடைவேளை இல்லை என்கிறார் மேலாளர். சரியா?

பதில் 1: அவர் சொல்லும் காரணம் தவறு. 1998ஆம் ஆண்டு வேலைநேர விதிகள் முழு நேரம், பகுதி நேரம் என்று பிரிப்பதில்லை. அன்றைய ஷிப்டின் நீளம்தான் கணக்கு. 6 மணி நேரத்துக்கு *மேல்* வேலை என்றால் இடையில் தடையில்லாத 20 நிமிடம் உண்டு. உங்களுடையது சரியாக 6 மணி நேரம், அதனால் சட்டப்படி கிடைக்காது. 4:15 வரை என்று ஷிப்ட் போட்டால் கிடைக்கும். அந்த 20 நிமிடத்தைக் கடைசியில் வைத்து "சீக்கிரம் கிளம்புங்க" என்பது இடைவேளை ஆகாது. கல்லாவிலேயே உட்கார்ந்து வாடிக்கையாளரைக் கவனித்தபடி சாப்பிடுவதும் அப்படித்தான்.

பதில் 2: ஒப்பந்தத்தையும் பாருங்க. முழு நேர ஊழியருக்குச் சம்பளத்தோடு இடைவேளை தந்துவிட்டு, தக்க காரணமின்றி உங்களுக்கு மட்டும் மறுத்தால், 2000ஆம் ஆண்டு பகுதி நேர ஊழியர் விதிகள் கைகொடுக்கும். வயது 18க்குக் கீழே என்றால் கணக்கே வேறு: நாலரை மணி நேரத்துக்கு மேல் போனால் 30 நிமிடம். இந்த வயதினர் ஒரே நாளில் இரண்டு முதலாளிகளிடம் வேலை செய்தால் இரண்டையும் கூட்டித்தான் பார்க்கணும்.

கேள்வி கேட்டவர்: சம்பளத்தில் தினம் 30 நிமிடம் கழிக்கிறார்களே?

பதில் 1: இடைவேளையே தராமல் கழித்தால் அது வேலை செய்த நேரத்துக்கான சம்பளம், விடாதீங்க. சம்பளச் சீட்டையும் ஷிப்ட் பட்டியலையும் தேதிவாரியாகச் சேர்த்து, மேலாளரிடம் எழுத்தில் கேளுங்க. மசியாவிட்டால், வேலை உரிமைகள் பற்றி ஆலோசனை சொல்லும் ஏகாஸ் (Acas) அமைப்பின் உதவி எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.