பழைய ஹைபிரிட் காரின் பிரேக் பாகத்துக்கான செலவைத் தயாரிப்பாளரிடம் கேட்க முடியுமா?

உவர்மலையான் எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 2011இல் ஜப்பானில் தயாராகி, அங்கே சில காலம் ஓடிய பின் ரீகண்டிஷன் வாகனமாக இலங்கைக்கு வந்த ஹைபிரிட் கார். அண்மைக்காலமாக, நிறுத்தி வைத்திருக்கும்போதும் பிரேக் பம்ப் தானாக இயங்குவதும் ஓய்வதுமாக இருந்தது. போன வாரம் ஹபரணையிலிருந்து திரும்பி வரும் வழியில் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து, பிரேக் மிதி கல்லைப் போல இறுகிவிட்டது. அநுராதபுரச் சந்திப் பக்கத்துக் கராஜில் ஸ்கான் செய்து பார்த்துவிட்டு, பிரேக் அக்சுவேட்டருக்குள் (பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் பாகம்) அழுத்தம் கசிகிறது, பிரித்துத் திருத்த முடியாது, முழுதாக மாற்றத்தான் வேண்டும் என்கிறார்கள். புதியது வாங்கும் காசுக்கு நல்லதொரு மோட்டார் சைக்கிளே எடுத்துவிடலாம்.

இதே மாதிரிக் கார் வைத்திருக்கும் வேறு சிலருக்கும் இதே பாகம் இதே விதமாகப் பழுதாகியிருப்பதால், இது தேய்மானமல்ல, தயாரிப்பிலேயே இருந்த குறை என்று நினைக்கிறேன். உள்ளூர் முகவரோ, "நாங்கள் விற்ற வாகனம் இல்லையே" என்று தொலைபேசியில் ஒரே வரியில் முடித்துவிட்டார். இதற்கு மேல் யாரிடம், எப்படிக் கேட்பது?

நிலாவெளி கராஜ்காரன் எழுதியது:

தம்பி, முதலில் அந்தக் காரை வீதிக்கு எடுக்காதீர்கள். இந்த வகைக் கார்களில் மின்பம்ப் உருவாக்கும் அழுத்தத்தைத்தான் ஒரு சேமிப்புக் கலன் பிடித்து வைத்து, மிதிக்கும்போது சக்கரங்களுக்குக் கொடுக்கிறது. உள்வால்வு கசிந்தால் எண்ணெய் வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல் தொட்டிக்கே திரும்பிவிடும்; இழந்த அழுத்தத்தை ஈடுகட்டப் பம்ப் அடிக்கடி இயங்கும். சாரதிக் கதவைத் திறந்ததும் பம்ப் சற்று நேரம் ஓடுவது வழமையானதுதான். மிதியைத் தொடாமல் விட்டிருக்கும்போதும் சில வினாடிகளுக்கொருமுறை ஓடினால்தான் குறை. அந்தச் சத்தத்தைக் கடிகாரம் தெரியும்படி காணொளியாக எடுத்து வையுங்கள். பிழைக் குறியீடுகளை அழிப்பதற்கு முன், தூரமானி அளவும் சேசிஸ் இலக்கமும் தெரிய ஸ்கான் அறிக்கையை அச்செடுக்கச் சொல்லுங்கள். பாகத்தை மாற்றினால் பழையதைக் கராஜில் விட்டுவிட்டு வர வேண்டாம். பொருள் கையில் இல்லாமல் தயாரிப்புக் குறை என்று வாதாடுவது கடினம்.

கிண்ணியா சகோதரர் எழுதியது:

உத்தரவாதமும் மீளழைப்பும் வேறு வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜப்பானில் புதிய காருக்குப் பொதுவாகக் கிடைப்பது 3 ஆண்டு அல்லது 60,000 கிலோமீற்றர் வரையிலான உத்தரவாதம். இயந்திரம், பிரேக் போன்ற முக்கிய பாகங்களுக்கு 5 ஆண்டு அல்லது 100,000 கிலோமீற்றர். உங்கள் காருக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. மீளழைப்போ பாதுகாப்புக் குறைக்காகத் தயாரிப்பாளர் தன் செலவில் செய்து தருவது. டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த காற்றுப்பைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை ஊதச் செய்யும் அமோனியம் நைத்திரேற்று வெப்பத்திலும் ஈரப்பதனிலும் ஆண்டுக்கணக்கில் கெட்டு, விபத்து நேரத்தில் உலோகத் துண்டுகளைச் சிதறச் செய்ததால், 2017இல் அந்த நிறுவனம் வங்குரோத்தான பின்னரும் பத்து வயது கடந்த கார்களுக்குக்கூட இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். திருகோணமலை வெயிலிலும் கடற்காற்றிலும் ஓடும் பழைய கார் வைத்திருக்கும் எவரும் அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மீளழைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் இடம் முக்கியம். ஜப்பான் சந்தைக் கார்களின் சேசிஸ் இலக்கம் மாதிரிக் குறியீடு, இடைக்கோடு, தொடர் இலக்கம் என்று அமைந்திருக்கும். அமெரிக்கத் தளங்கள் கேட்கும் 17 எழுத்து இலக்கம் அதுவல்ல. தயாரிப்பாளரின் ஜப்பானியத் தளத்தில் தேடுங்கள். அங்கே மீளழைப்பு, மேம்பாட்டு நடவடிக்கை, சேவைத் திட்டம் என்று மூன்று வகை உண்டு, மூன்றையும் பாருங்கள். இன்னொரு நாட்டில் அந்நாட்டுக் கார்களுக்கு நீடித்துக் கொடுத்த உத்தரவாதத்தை இங்கே உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால், குறை தங்களுக்குத் தெரிந்ததே என்பதற்கு அது நிறுவனத்தின் சொந்தச் சாட்சி என்பதால், கடிதத்தில் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எழுதியது:

தொலைபேசியில் சொன்ன "இல்லை" என்பதற்குப் பெறுமதி கிடையாது. முகவருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, பிரதியை ஜப்பானில் உள்ள தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அனுப்புங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அதில் கோபமும் வேண்டாம். மீளழைப்பு இல்லையென்றால் நீங்கள் கேட்பது சலுகைதான் என்பதால், "முழுச் செலவையும் தாருங்கள்" என்று எழுதுவதைவிட, "பாகத்தை நீங்கள் தாருங்கள், பொருத்தும் கூலியை நான் கட்டுகிறேன்" என்று எழுதினால், மேலிடத்தில் கேட்டு அனுமதி வாங்க அங்கிருக்கும் அலுவலருக்கும் வழி கிடைக்கும். ஒழுங்காகச் சேர்விஸ் செய்த பற்றுச்சீட்டுகள் இருந்தால் அவற்றின் பிரதிகளையும் இணையுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையைச் சிலர் சொல்லக்கூடும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருளை விற்ற அல்லது சேவையை வழங்கிய மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய காருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆனால் இப்போது வாங்கப்போகும் அக்சுவேட்டரோ, அதைப் பொருத்தும் வேலையோ பிழைத்தால், அப்போது அது உதவும். ஆகவே பற்றுச்சீட்டு இல்லாமல் பாவித்த பாகம் வாங்காதீர்கள்.

உவர்மலையான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சேசிஸ் இலக்கத்தைத் தேடிப் பார்த்தேன். பிரேக் பற்றி எதுவும் இல்லை, ஆனால் முன்பக்கப் பயணியின் காற்றுப்பைக்கு மீளழைப்பு நிலுவையில் இருப்பதாகக் காட்டுகிறது. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதலாமா?

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எழுதியது:

இரண்டு கடிதமாக எழுதுங்கள். காற்றுப்பை அவர்கள் செய்ய வேண்டிய வேலை, அக்சுவேட்டர் நீங்கள் கேட்கும் சலுகை. ஒன்றாக எழுதினால் இரண்டாவதற்கு மறுப்பு வரும்வரை முதலாவதும் அதே கோப்பில் கிடக்கும். காற்றுப்பைக் கடிதத்தை இன்றே அனுப்புங்கள். மாற்றும்வரை முன் இருக்கையில் யாரையும் ஏற்ற வேண்டாம்.